"போல" வந்தால் உவமையா? அணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். மாலையில் எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், கதை, கவிதை எழுதிப் பார்ப்பவர்களும் வந்து உட்கார்வார்கள். மதிப்பெண்ணுக்காகக் கேட்பவரும் எழுதுவதற்காகக் கேட்பவரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். அணியின் பெயரைத் தேடுகிறார்கள். எதன் பக்கத்தில் எது வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஐயா, அணி என்றால் நகை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அது இல்லாமலும் எழுதலாம்தானே?

எழுதிப் பாருங்கள். "வெயில் கொளுத்துகிறது" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கொளுத்துவது தீ. "விலை ஏறிவிட்டது" என்று சொல்ல முடியாது, விலைக்குக் கால் இல்லை. "வயிறு எரிகிறது", "மனம் உடைந்துவிட்டது", "பேச்சை வளர்க்காதே" எல்லாம் போய்விடும். காலையில் காய்கறிக்காரரிடம் பேசுவதற்கே அணி வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியத்தில் உவமைக்கென்று தனி இயலே இருக்கிறது. அது பாட்டின் பொருளைப் பேசும் பொருளதிகாரத்தில் இருப்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். அதற்கு உரை எழுதிய இளம்பூரணர், உவமையால் என்ன பயன் என்ற கேள்விக்கு ஒரு எளிய எடுத்துக்காட்டு தருகிறார். ஆமா என்பது காட்டுப்பசு. அதைப் பார்த்தே இராத ஒருவனிடம் "ஆப்போலும் ஆமா", அதாவது பசுவைப் போல இருக்கும் காட்டுப்பசு என்று சொல்லிவைத்தால், அவன் காட்டுக்குள் அதைக் காணும்போது "இதுதான் ஆமா" என்று தானே கண்டுகொள்வான். கேட்பவருக்கு இன்பம் தருவது என்ற பயனையும் அவர் சொல்கிறார். ஆனால் தெரியாததைத் தெரியவைப்பதும் உவமையின் வேலை. நகை என்ற விளக்கத்தை மட்டும் படித்தவர்களுக்கு இந்தப் பாதி தெரியாமல் போய்விடுகிறது.

உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொரு தடவையும் குழம்பிவிடுகிறது.

உவமையில் இரண்டு பொருள்கள் தனித்தனியாக நிற்கும். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது உவமேயம். எதோடு ஒப்பிடுகிறோமோ அது உவமானம். நடுவில் நிற்கும் போல, புரைய, அன்ன போன்ற சொல் உவம உருபு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை. உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். "தேன்தமிழ்" என்றால் தேன் போன்ற தமிழ், உவமை. "தமிழ்த்தேன்" என்றால் தமிழாகிய தேன், உருவகம். சொல்லின் இடம் மாறியதும் அணி மாறிவிட்டது.

இதை மனப்பாடம் செய்வதைவிட வினைச்சொல்லைப் பாருங்கள். "தேன்தமிழ் பேசினாள்" என்கிறோம், பேசப்படுவது தமிழ். "தமிழ்த்தேன் பருகினாள்" என்கிறோம், பருகப்படுவது தேன். உருவகம் என்றால் வினை உவமானத்தின் பக்கம் சாய்ந்துவிடும். மலர்முகம், முகமலர் இரண்டையும் இப்படி வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

"போல" இருந்தாலே உவமையணி என்று எழுதிவிடலாமா?

கூடாது. "மழை வரும் போல இருக்கிறது" என்பது ஊகம். "தூங்குவது போல நடித்தான்" என்பது பாவனை. இரண்டிலும் ஒப்பிடுவதற்கு இரண்டு பொருள்களே கிடையாது.

செய்யுளிலும் இந்தப் பள்ளம் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோவடிகள். கொடி அசைவது காற்றினால். ஆனால் வரப்போவதை அறிந்த கவிஞர், "வராதீர்கள்" என்று அது கை காட்டித் தடுப்பதாகத் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றிவிடுகிறார். தன் குறிப்பு ஏற்றம், அதனால் தற்குறிப்பேற்ற அணி. "போல்" இருந்தும் இது உவமையணி ஆகாது. இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் வேறு காரணம் கற்பிக்கிறாரா என்று பாருங்கள்; ஆமென்றால் தற்குறிப்பேற்றம்.

இந்த வரியை நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். அவர்கள் இருவரும் கொடியைப் பார்த்தார்களா இல்லையா என்று ஒரு பெண் கேட்டாள். பார்த்தாலும் புரிந்திருக்காது என்றேன். அந்தச் செய்தி படிக்கிற நமக்கு மட்டும்தான் வருகிறது.

"அகர முதல எழுத்தெல்லாம்" குறளில் "போல" இல்லையே, அதை ஏன் உவமை என்கிறார்கள்?

"அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு." இரண்டு முழுச் செய்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன: எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். நடுவில் "அதுபோல" மறைந்திருக்கிறது. இது எடுத்துக்காட்டு உவமையணி.

உருபு வெளிப்படையாக வந்த குறளை இதன் பக்கத்தில் வையுங்கள்: "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை." இது நேரான உவமையணி. பொறுமைக்கு நிலம் என்பது எல்லாரும் சொல்வது. வள்ளுவர் "அகழ்வாரை" என்று சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். கிணறு வெட்டுகிறவர் எதை வெட்டுகிறாரோ அதன்மேலேயே கால் ஊன்றி நிற்கிறார். வெட்ட வெட்ட அது தாங்குகிறது. ஒரு சொல்லால் பழைய உவமை புதிதாகிவிட்டது.

எடுத்துக்காட்டு உவமைக்கும் பிறிதுமொழிதலுக்கும் எப்படி வேறுபாடு காண்பது?

எத்தனை செய்தி இருக்கிறது என்று எண்ணுங்கள். முந்தைய பதிலில் பார்த்தது போல எடுத்துக்காட்டு உவமையில் இரண்டும் சொல்லப்பட்டிருக்கும். பிறிதுமொழிதலில் உவமானம் மட்டுமே இருக்கும். சொல்ல வந்த பொருள் எங்குமே வராது.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். மயிலிறகையும் வண்டியையும் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் அது இருக்கும் அதிகாரம் வலியறிதல். எளிய பகைவர்கள்தானே என்று பலரை ஒரே நேரத்தில் எதிர்த்துக்கொள்ளும் அரசனைப் பற்றியது என்பதை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பிறிதுமொழிதல் என்று சந்தேகம் வந்தால் அதிகாரத் தலைப்பைப் பாருங்கள். டீக்கடையில் ஒருவர் தேர்தலில் தோற்ற தலைவரைப் பற்றிப் பேச்சு வரும்போது "யானைக்கும் அடி சறுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவதும் இதே அணிதான்.

ஒரு கைடில் ஒட்டணி, இன்னொன்றில் பிறிதுமொழிதல். எது சரி?

இரண்டும் ஒன்றே. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் ஒட்டணி என்கிறது. அதுபோலவே அந்நூலின் தன்மையணியை இயல்பு நவிற்சி என்றும், அதிசய அணியை உயர்வு நவிற்சி என்றும் சொல்வார்கள். கேள்வித்தாளில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

மொத்தம் எத்தனை அணிகள்?

நூலைப் பொறுத்தது. தொல்காப்பியர் உவமையை மட்டும் எடுத்து அதற்குள்ளேயே எல்லாவற்றையும் பார்க்கிறார். வடமொழியில் தண்டி எழுதிய காவியாதரிசத்தைத் தழுவிப் பிற்காலத்தில் வந்த தண்டியலங்காரம், பொருளணிகளை மட்டும் 35 என்று வகுக்கிறது. தன்மையில் தொடங்கிப் பாவிகத்தில் முடிகிறது அந்தப் பட்டியல். பாவிகம் ஒரு செய்யுளுக்குள் அடங்காது. ஒரு காப்பியம் முழுவதிலும் ஓடும் கருத்து அது. சிலம்பில் "அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்" என்பது அப்படிப்பட்டது. எண்ணிக்கையை மனப்பாடம் செய்யலாம், தவறில்லை. ஆனால் பத்து அணிகளைத் தெளிவாக அறிந்தவர் எந்தப் பாட்டையும் திறந்து படித்துவிடுவார்.

ஏகதேச உருவகம் என்றால் என்ன? பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

ஏகதேசம் என்றால் ஒரு பகுதி. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்துவிட்டு மற்றதைப் படிப்பவரிடம் விட்டுவிடுவது. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்." பிறவியைக் கடல் என்றார். அப்படியானால் இறைவன் அடி தெப்பம். அதை அவர் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிக்கொண்டீர்கள் அல்லவா, அதுதான் அணி வேலை செய்கிற இடம்.

பின்வருநிலையணியில் மூன்று வகை. மூன்றும் ஒன்றுபோலவே இருக்கிறதே?

எது திரும்ப வருகிறது என்று கேளுங்கள். சொல் மட்டும் திரும்பி, பொருள் மாறினால் சொல் பின்வருநிலை: "படியில் உட்காராதே, சொன்னபடி பாடம் படி." பொருள் மட்டும் திரும்பி, சொல் மாறினால் பொருள் பின்வருநிலை: தண்டியலங்கார மேற்கோள் பாட்டில் தோன்றி அவிழ்ந்தன, காயா அலர்ந்தன, முல்லை நெகிழ்ந்தன, கொன்றை விண்டன என்று வரும், எல்லாமே பூத்தன என்பதுதான். சொல்லும் பொருளும் சேர்ந்தே திரும்பினால் சொற்பொருள் பின்வருநிலை: "எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு."

சிலேடை என்பது வெறும் வார்த்தை விளையாட்டுதானே?

விளையாட்டுதான். ஆனால் பார்வை கூர்மையாக இல்லாதவரால் ஆட முடியாத விளையாட்டு. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடியதை மெல்லப் படியுங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்தில் அடையும், ஆடும்போது சீறும், குடத்தை மூடித் திறந்தால் தலையைக் காட்டும், கடித்து விஷம் மண்டைக்கு ஏறினால் பரபரக்கும், பிளந்த நாக்கு உண்டு. எள் செக்கில் ஆடப்பட்டு எண்ணெயாகிக் குடத்தில் அடையும்; ஆட்டும்போது செக்கு இரையும்; குடத்தைத் திறந்து எட்டிப் பார்த்தால் எண்ணெயில் பார்ப்பவர் முகம் தெரியும்; தலையில் தேய்த்தால் பரபரவென்று இருக்கும்; பிண்ணாக்கு உண்டு. "முகங்காட்டும்" என்ற சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் வருகிறது. அது செம்மொழிச் சிலேடை. "பிண்ணாக்கு" என்பதைப் பாம்புக்கு பிள் + நாக்கு என்று பிரிக்க வேண்டும். அது பிரிமொழிச் சிலேடை. எண்ணெய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்த ஒருவர்தான் அந்த "முகங்காட்டும்" என்பதை எழுதியிருக்க முடியும். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த சொல் அதுதான்.

வஞ்சப்புகழ்ச்சி என்றால் கிண்டலா?

புகழ்வது போல இகழ்வதும் உண்டு, இகழ்வது போலப் புகழ்வதும் உண்டு. "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்பது முதல் வகை. கயவரைத் தேவருக்கு நிகர் என்று தூக்கிவைத்துவிட்டு, இருவரும் மனம்போனபடி நடப்பதால் என்று காரணம் சொல்கிறது.

இரண்டும் ஒரே மூச்சில் வரும் இடம் புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். ஔவை சொல்கிறார்: இவையோ மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. சொல்லில் தொண்டைமான் வேல்களுக்குப் புகழ். பொருளில் அவை போரையே காணாதவை. தூதுவர் பகையரசன் முன்னால் நின்றுகொண்டு இதைவிடத் துணிவாகப் பேச முடியுமா?

எதுகை, மோனை எல்லாம் அணியில் சேருமா?

சேராது. அவை தொடை, யாப்பிலக்கணத்தைச் சேர்ந்தவை. முதலெழுத்து ஒன்றிவருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை, இறுதி ஒன்றிவருவது இயைபு. காதுக்கு உரியவை இவை.

"ஊரே சிரித்தது" உருவகம்தானே?

இல்லை, இடவாகுபெயர். ஊர் என்பது ஊரில் உள்ளவர்களுக்கு ஆகி வந்திருக்கிறது. உருவகத்துக்கு ஒப்புமை வேண்டும். ஆகுபெயருக்குத் தொடர்பு போதும். ஊரும் மக்களும் ஒன்றைப்போல ஒன்று இல்லை, ஊருக்குள் மக்கள் இருக்கிறார்கள். "சுவருக்கு வெள்ளை அடித்தார்" (பண்பாகுபெயர்), "தலைக்கு நூறு ரூபாய்" (சினையாகுபெயர்), "மல்லிகை சூடினாள்" (முதலாகுபெயர்) எல்லாம் இப்படியே. இதை நன்னூல் சொல்லதிகாரத்தில் பேசுகிறது, அணியில் அல்ல. உங்கள் கேள்வி சரியான கேள்விதான், வேலை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் யாருக்கும் வரும்.

புதுக்கவிதையில் படிமம் என்கிறார்கள். அது மேற்கிலிருந்து வந்ததா, நம்மிடம் இல்லையா?

படிமம் என்ற பெயர் புதிது. காட்சியை மட்டும் வைத்துவிட்டு விளக்காமல் நகர்வது நம்மிடம் பழையது. சங்கப் பாடலில் அதை உள்ளுறை என்பார்கள். குறுந்தொகை 8ஆம் பாட்டில் பரத்தை, தலைவன் மனைவியின் பக்கத்தார் கேட்கும்படி பேசுகிறாள். "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்று தொடங்குகிறாள். வயலோர மாமரத்திலிருந்து கனிந்து தானே விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் அவன். மேலோட்டமாக ஊர் வருணனை. உள்ளே, நான் மரமேறிப் பறிக்கவில்லை, அவன் தானே வந்து விழுந்தான் என்கிறாள். பிறிதுமொழிதல் பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வர வேண்டும்.

அதே பாட்டு முடியும்போது நேரான உவமை வருகிறது. எங்களிடம் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் "கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல" மகனின் தாய்க்கு அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். ஆடிப்பாவை என்றால் கண்ணாடிக்குள் தெரியும் உருவம். நாம் கையைத் தூக்கினால் அது தூக்கும். ஆறே அடிப் பாட்டில் ஆலங்குடி வங்கனார் ஒன்றை மறைத்தும் ஒன்றை வெளிப்படையாகவும் வைத்திருக்கிறார். கவிதை எழுதுகிறவர்கள் இதை ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு திரியலாம்.

கதை எழுதும்போது எத்தனை உவமை போடலாம்?

எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வேண்டாம்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். "நிலவு போன்ற முகம், மலர் போன்ற கை" என்று இருந்தது. பாட்டியின் கையைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டி சுருக்குப்பையில இருந்து எடுத்துத் தர்ற பழைய பத்து ரூபாய் நோட்டு மாதிரி மெத்துனு இருக்கும் ஐயா" என்றாள். அதையே எழுதச் சொன்னேன். அந்த ஒரு வரியில் கை வந்துவிட்டது, சுருக்குப்பை வந்துவிட்டது, பேத்திக்குக் காசு கொடுக்கும் பழக்கமும் வந்துவிட்டது. நிலவையும் மலரையும் அவளே அடித்துவிட்டாள்.

அப்படியானால் "பசுமரத்தாணி போல" எல்லாம் இனி எழுதக் கூடாதா?

தேர்வில் தாராளமாக எழுதுங்கள். கதையில் எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். எங்கள் வீட்டு வேப்பமரம் சிறிதாக இருந்தபோது கொடிக்கயிறு கட்ட ஓர் ஆணி அடித்தோம். இரண்டு அடியில் இறங்கிவிட்டது. இப்போது பட்டை வளர்ந்து ஆணியை மூடிக்கொண்டே வருகிறது. தலை மட்டும் தெரிகிறது, பிடுங்கவே முடியாது. சிறுவயதில் கேட்ட ஒரு சொல் உள்ளே போய், மேலே தோல் மூடிவிட்டதைச் சொல்ல வேண்டுமானால் இந்த உவமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. "பாடம் நன்றாக நினைவிருந்தது" என்பதற்கு அது வேண்டாம்.

"வறுமை என்னும் நெருப்பில் மூழ்கித் தவித்தான்" என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ஏன்?

உருவகத்தில் வினை உவமானத்தின் பக்கம் சாயும் என்று முன்பே சொன்னேன். நெருப்பு என்று சொன்ன பிறகு வெந்தான், கருகினான் என்றுதான் வர வேண்டும். மூழ்குவது நீரில். ஒரே வாக்கியத்தில் தீயும் நீரும் வந்து ஒன்றை ஒன்று அணைத்துவிட்டன. வேண்டுமானால் வறுமையைக் கடலாக்கிவிட்டு மூழ்குங்கள்.

எனக்கு ஒரு அணி தெரிகிறது, விடைக்குறிப்பில் வேறு இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பல அணிகள் ஒரே செய்யுளில் கலந்துவருவதைத் தண்டியலங்காரம் சங்கீரணம் என்று தனி அணியாகவே சொல்கிறது. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு" என்ற குறளை எடுத்துக்கொள்வோம். நாக்கு சுடுகிறது என்பதில் உருவகச் சாயல் இருப்பதாக ஒரு மாணவர் வாதாடினார். இருக்கிறது. ஆனால் குறளின் எடை அங்கே இல்லை. தீ, சொல் இரண்டும் சுடும் என்று முதலில் ஒப்புமை காட்டி, ஒன்று ஆறும், மற்றது ஆறாது என்று பிறகு பிரிக்கிறது. அதனால் வேற்றுமை அணி. தேர்வில் அதையே எழுதுங்கள். பாட்டின் முதுகெலும்பாக இருக்கும் அணியைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் குறளில் இன்னொன்றையும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காட்டுகிறார். தீ சுட்டதற்கு "புண்" என்கிறார் வள்ளுவர். நாக்கு சுட்டதற்கு "வடு" என்கிறார். ஆறிப்போவது புண், கிடந்துவிடுவது வடு. இதற்கு எந்தப் பெயரையும் விடைக்குறிப்பில் கேட்க மாட்டார்கள்.